நீரில்லாத நீர்வண்ணம்

(பதினொன்றாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

மழைக்காலத்தில் நம் வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் வேளிமலை தெரியும். அதன் உச்சி மேகத்தில் கரைந்து நிற்கும். அக்காட்சியை நீர்வண்ணத்தில் தீட்டுவது எளிதன்று. தாள் மிக ஈரமாக இருக்கும்போது நீலத்தை வைத்தால் மலை வானோடு கலந்துவிடும். தாள் காய்ந்தபின் வைத்தாலோ, மலை கத்தரித்து ஒட்டினாற்போல் நிற்கும். இடையிலுள்ள சில நொடிகளே ஓவியருக்கு உரியவை. கணிப்பொறியில் தண்ணீரே இல்லை. அதில் நீர்வண்ணம் தீட்ட இயலுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளர்ச்சி

1963-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து என்பவர் ஒளிப்பேனாவால் திரையில் கோடுகள் வரைந்து காட்டினார். 1973-ல் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய 'சூப்பர்பெயின்ட்' திரையில் வண்ணம் தீட்டியது. 1991-ல் வெளிவந்த 'பெயின்டர்' என்னும் மென்பொருள் கரி, தூரிகை ஆகியவற்றின் தடங்களைப் போன்ற தோற்றத்தைத் தந்தது. தண்ணீர் தாளில் ஓடுவதையே கணக்கிட்டு வண்ணம் தீட்டும் முறையை, 1997-ல் காசிடி கர்டிஸும் அவருடன் நால்வரும் விரிவாக விளக்கினர்.

தண்ணீரைக் கணக்கிடுவது எப்படி?

திரையிலுள்ள தாளைக் கணிப்பொறி பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. இதனை நம் நாஞ்சில் நாட்டு வயல்களாக எண்ணிப் பாருங்கள். வரப்பில் மடை திறந்தால் மேட்டு வயலின் நீர் பள்ளத்து வயலுக்குப் பாயும் அன்றோ? அவ்வாறே ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு நீர் பாயும் என்பது நொடிக்குப் பல முறை கணக்கிடப்படுகிறது. கர்டிஸ் முறையில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலடுக்கில் நீர் ஓடுகிறது. இரண்டாமடுக்கில் வண்ணத்துகள் படிகின்றன. மூன்றாமடுக்கில் தாள் உறிஞ்சிய ஈரம் பரவுகிறது.

தரையில் சிந்திய காப்பித் துளி காய்ந்தபின் அதன் ஓரம் மட்டும் கறுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். துளியின் விளிம்பில் ஈரம் விரைவாக ஆவியாகிறது. அதை ஈடுசெய்ய நடுவிலுள்ள நீர், துகள்களைச் சுமந்துகொண்டு விளிம்பை நோக்கி ஓடுகிறது. இதனைச் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கியதும் அதே 1997-ல்தான். நீர்வண்ணத்தின் கருமையான ஓரமும் இவ்வாறே தோன்றுகிறது. இதையும் கர்டிஸ் குழுவினர் கணக்கில் கொண்டுவந்தனர்.

நிறக்கலப்பில் வேறொரு சிக்கல் உண்டு. திரையில் நீலத்தின் எண்கள் 0, 0, 255. மஞ்சளின் எண்கள் 255, 255, 0. இவற்றின் சராசரி எடுத்தால் மூன்று எண்களும் ஏறத்தாழ 128 ஆகின்றன. அது சாம்பல் நிறம்! நம் வண்ணப்பெட்டியிலோ இவ்விரண்டும் சேர்ந்தால் பச்சை வருகிறது. வண்ணத்துகள் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன, எவ்வளவைச் சிதறடிக்கின்றன என்று தனித்தனியே கணக்கிட்டால்தான் பச்சை கிடைக்கும். அதற்கான கணக்கைக் குபெல்கா, முங்க் என்னும் இருவர் 1931-லேயே வகுத்திருந்தனர்.

செய்து பார்த்தேன்

எங்கள் ஓவிய டீச்சர் தம் டேப்லெட்டில் 'ஃபிரெஸ்கோ' என்னும் மென்பொருளைக் காட்டினார். அடோபி நிறுவனம் அதனை 2019-ல் வெளியிட்டது. ஃபிரெஸ்கோ என்னும் சொல், ஈரம் காயாத சுண்ணச் சாந்தின்மேல் தீட்டும் சுவரோவியத்தைக் குறிக்கும். நம் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையிலுள்ள சுவரோவியங்களோ, கேரள மரபுப்படி சாந்து காய்ந்தபின் தீட்டப்பட்டவை. முன்னது விரைவைக் கேட்கும் கலை. பின்னது காத்திருப்பைக் கேட்கும் கலை.

நான் வேளிமலையைத் தீட்டத் தொடங்கினேன். ஈரத்தின்மேல் வைத்த நீலம் கண்ணெதிரே பரவியது. வியந்துபோனேன். வீட்டில் தாள் வீணாகுமே என்று அஞ்சி அஞ்சித் தூரிகையை வைப்பேன். இங்கே அவ்வச்சம் இல்லை. பிழை நேர்ந்தால் ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், அது மறைந்துவிடும். ஒரு மணி நேரத்தில் இருபது முறைக்கு மேல் அதைத் தொட்டேன். ஒரு மலைகூட முடியவில்லை! அச்சத்தோடு என் பொறுமையும் போயிருந்தது.

"அந்தப் பொத்தானைத் தொடாமல் ஒரு படம் முடி, மக்களே" என்றார் டீச்சர். அவ்வாறே செய்தேன். முதல் மூன்று படங்கள் கெட்டன. நான்காவதில் மலையுச்சி மேகத்தில் கரைந்தது.

மறுநாள் வீட்டில் தாளை நனைத்து, அதே அளவு நேரம் காத்திருந்து நீலத்தை வைத்தேன். அது பரவி ஓடிவிட்டது. அன்று அடைமழை, தாளின் ஈரம் குறையவே இல்லை. ஐப்பசி மழையிலும் பங்குனி வெயிலிலும் தாள் ஒன்றுபோல் காய்வதில்லை. டேப்லெட்டிலுள்ள தாளுக்கோ ஐப்பசியும் பங்குனியும் ஒன்றே. தாளின் மினுமினுப்பு மங்கும் வரை பார்த்திருந்து மீண்டும் வைத்தேன். இம்முறை மலை நின்றது.

முடிவுரை

தாள் வாங்க வசதியில்லாத தோழியருக்கு இத்தகைய மென்பொருள் நல்லதொரு பயிற்சிக்களம். துணிந்து தூரிகையை வைக்க எனக்கு அது கற்றுத் தந்தது. எப்போது வைக்க வேண்டும் என்பதை ஈரத்தாளே கற்றுத் தந்தது. எனவே தோழியரே, திரையில் பழகுங்கள். ஆனால் அழிக்கும் பொத்தானை மறந்து பழகுங்கள். பின்பு ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு சன்னலருகே அமருங்கள். வேளிமலை காத்திருக்கிறது!