ஈப்போ மலைகள் மறையும் ஆண்டுகள்

இராஜஸ்தானத்தில் புழுதிப் புயல் வீசும். மழைவளம் மிக்க நம் பேராக்கிற்கு வருவதோ புகைமூட்டம். அந்நாள்களில் ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் மலைகளும் கண்ணுக்குத் தெரியா.

மறுநடவுக்காக முதிய ரப்பர் மரங்களை வெட்டி எரித்த புகை பெரியோர்க்கு நினைவிருக்கும். அது சில நாளில் அடங்கும். இஃது அவ்வாறன்று. சுமாத்திராவில் இலையும் வேரும் மக்கிப் பல அடி ஆழம் படிந்த சதுப்பு மண் உண்டு. கால்வாய் வெட்டி நீரை வடித்தபின் அம்மண்ணே விறகாகின்றது. தீப்பற்றினால் நிலத்தடியில் வாரக்கணக்கில் கனலும். தென்மேற்குப் பருவக்காற்று அப்புகையை நம்மிடம் சேர்க்கின்றது.

ஆண்டுதோறும் இது கூடிக்கொண்டே போகிறது என்பர் சிலர், அது பிழை. மழை மிகுந்த ஆண்டுகளில் வானம் தெளிவாகவே இருக்கும். 1997, 2015 ஆகிய எல் நினோ வறட்சி ஆண்டுகளிலும், 2005, 2013, 2019 ஆகிய ஆண்டுகளிலும் புகை கடுமையாயிற்று. காற்று மாசுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே பேராபத்து. 1997இல் சரவாக்கில் 800ஐயும் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019இல் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன.

பெற்றோர்களே, அத்தகைய நாளில் செம்பனை வேலைக்குச் செல்லுமுன், ஆஸ்துமா உள்ள பிள்ளையை வெளியே ஓடவிடாது வீட்டுப் பெரியவரிடம் ஒப்படைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.