வாசித்துக் காட்டாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்

எங்கள் தம்பியின் கோப்பைக் கெடுத்தது அரைப் பக்க வாக்குமூலம் ஒன்று. காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி விசாரிக்க வந்த ஓர் அமர்வில், அம்மா சொல்லச் சொல்ல உத்தியோகத்தர் ஒருவர் எழுதியது. அம்மா தமிழில் சொன்னார், மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார், உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார். முடிந்ததும் யாரும் திருப்பி வாசித்துக் காட்டவில்லை. “அம்மா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ” என்றார்கள். வெளியே வெயிலில் இன்னும் எத்தனையோ தாய்மார் தங்கள் முறைக்காக நின்றார்கள். அம்மா கையெழுத்தை வைத்துவிட்டு எழும்பினார்.

அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டியது இதுதான். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் ஷெல் விழுந்து தம்பிக்குத் தோளில் காயம் பட்டது. சில நாட்களின் பின், மே 18 அன்று, வட்டுவாகல் பாலத்தால் வந்த சனத்தோடு நாங்களும் வந்தோம். புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தம்பி நிதிப் பிரிவில் கணக்கு எழுதினவன். கைக்குழந்தையைத் தன் மனைவியிடம், எங்கள் மச்சாளிடம், கொடுத்துவிட்டுத் தானே போய்ப் பதிந்தான். தோளில் கட்டுப் போட்டபடி அவன் பஸ்ஸில் ஏறியதை அம்மாவும் மச்சாளும் நானும் பார்த்தோம். காயமும் பஸ்ஸும் இரண்டு வேறு நாட்கள். அம்மா இரண்டையும் சொன்னார். எழுதப்பட்டதோ காயம் மட்டும்.

ஏன் அப்படி ஆனது என்றும் சொல்லவேண்டும். கேட்ட விதம் அப்படி. காயப்பட்டவரா? ஓம். எங்கே? முள்ளிவாய்க்காலில். எந்த மாதம்? மே. அதற்குப் பிறகு கேள்வி வேறு பக்கம் போய்விட்டது. வீடு கட்டித் தந்தார்களா, ஆடு மாடு வேண்டுமா, வாழ்வாதாரத்துக்கு என்ன தேவை? அம்மா மறித்து பஸ்ஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் தலையாட்டினார். எழுதியவரின் பேனா அசையவில்லை. நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உறவினரைப் பேசவேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

இதன் விளைவு பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வேறொரு அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிய ஒருவர் சொன்னார்: “அக்கா, ஷெல் விழுந்து காயப்பட்டவர், அதுக்குப் பிறகு காணேல்லை எண்டு உங்கட அம்மாவே சொல்லியிருக்கிறா. பஸ் கதை இதிலை இல்லையே.” அதோடு எங்களுடையது போரில் இறந்திருக்கக்கூடியவர் என்ற வரிசைக்குப் போனது. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி கிராம சேவையாளர் வீட்டுக்கு வரத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். ஒருவர் சரணடைந்ததைக் கண்ணால் கண்ட தாயின் சாட்சியம், அவர் சரணடையவே இல்லை என்பதற்கு ஆதாரமாக நின்றது. அம்மா 2019இல் காலமாகிவிட்டார். அரசாங்கத்தின் ஏடுகளில் அவருடைய வாய்ச்சொல் என்று இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான்.

படிக்காத மனுசி, விளங்காமல் கையெழுத்து வைத்துவிட்டார் என்று எங்கள் சொந்தக்காரரே சொன்னார்கள். அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பவர். தனக்குத் தெரியாத மொழியில் தன் மகனைப் பற்றி எழுதப்பட்டதை அவர் எப்படி வாசித்திருக்க முடியும்? இலங்கையின் அரசியலமைப்பில் 1988இல் செய்த 16ஆவது திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. முல்லைத்தீவில் ஒரு தமிழ்த் தாயிடம் வாக்குமூலம் எடுக்க வருகிறவர்கள் தமிழில் எழுதக்கூடியவரோடு வரவேண்டும். குறை யாருடையது என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆகவே நீங்கள் போகும்போது தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால், எழுதியதை வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கும் வரை பேனாவைத் தொடவேண்டாம். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், உத்தியோகத்தர் மணியைப் பார்ப்பார். பார்க்கட்டும். பிரதி தரமாட்டோம் என்றால் எழுதியவரின் பெயர், பதவி, திகதி, இடம் நான்கையும் உங்கள் கொப்பியில் அவர் முன்னாலேயே குறியுங்கள்.

இதைவிடப் பாதுகாப்பான வழியும் உண்டு. கண்ணால் கண்ட ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். சமாதான நீதவான் ஒருவர் முன்னால் முடிக்கலாம். எங்கே, எப்போது, யார் பக்கத்தில் நின்றார்கள், என்ன உடுப்பு, வாகனம் எந்தத் திசையில் போனது என்பதை எழுதுங்கள். ஊகத்தையும் ஊர்க்கதையையும் அதில் சேர்க்க வேண்டாம். எந்த அலுவலகம் கூப்பிட்டாலும் அதன் பிரதியைக் கொடுத்து, இதுதான் என் வாக்குமூலம், இதோடு இணையுங்கள் என்று சொல்லுங்கள். வீட்டில் வயது கூடியவரிடமிருந்து முதலில் தொடங்குங்கள். மச்சாளும் நானும் பிறகு முடித்தோம். அம்மாவுடையது இல்லை.

மற்ற அலைச்சல்கள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பொலிஸ் முறைப்பாடு, மனித உரிமைகள் ஆணைக்குழு, சர்வதேச செஞ்சிலுவைக் குழுவில் தேடுதல் விண்ணப்பம், 2016இன் சட்டத்தால் வந்து 2018இல் வேலை தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் (ஓ.எம்.பி.) என்று எல்லா இடத்திலும் பதியுங்கள், இலக்கத்தை வாங்குங்கள். கடிதம் போட்டால் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டை அந்தக் கடிதத்தின் பிரதியிலேயே ஒட்டி வையுங்கள். ஓ.எம்.பி.க்குப் போகவே கூடாது என்று சொல்லும் தாய்மாரை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு நம்பிக்கை போனதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நாங்கள் பதிந்தோம். பதியாவிட்டால், முறைப்பாடே வரவில்லை என்று நாளைக்குச் சொல்வார்கள்.

அந்தப் பழைய தாளின் பிரதி எங்கள் கைக்கு வந்தது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பொது நிறுவனத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கவேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு இருக்கிறது. “என் மகன் எங்கே” என்று விண்ணப்பத்தில் கேட்டால் ஒன்றும் வராது. இன்ன திகதியில் இன்ன இடத்தில் இன்னார் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி, கோப்பு இலக்கம், கடைசியாக எடுத்த நடவடிக்கை என்று கேளுங்கள். வந்த தாளைச் சிங்களம் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாசித்துச் சொன்னபோது மச்சாள் எழும்பி வெளியே போய்விட்டார்.

மரணச் சான்றிதழை நாங்கள் எடுக்கவில்லை. எடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளைகளுக்குச் சோறு போடவேண்டும். ஆனால் வேறு வழியே இல்லை என்று எங்களுக்குச் சொன்னவர்கள் உண்மை சொல்லவில்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் மரணப் பதிவுக்கு வழி செய்தது. 2016இல் அதைத் திருத்தி, காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆள் இறந்ததாக அது சொல்லாது. காணி, வங்கிக் கணக்கு, பிள்ளையின் அலுவல்களை அதை வைத்துப் பார்க்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு மச்சாள் இருப்பார், வளரும் பிள்ளை இருக்கும், காணி உறுதி காணாமல் போனவரின் பெயரில் இருக்கும். முதலில் இதைக் கேளுங்கள். 2022 மார்ச்சில் காணாமல் போனவரின் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தபோது, வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கோ என்று புத்தி சொல்ல எங்கள் வாசலுக்கு வந்தவர்களை அம்மாவின் படத்துக்கு முன்னால் இருத்தித்தான் பதில் சொன்னேன்.

உங்கள் பிள்ளையைப் பூசா தடுப்பு முகாமில் கண்டேன், கொழும்பில் பொலிஸின் நாலாம் மாடியில் கண்டேன் என்று வந்து காசு கேட்பவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எங்கள் மச்சாளின் தாலிக்கொடி அப்படித்தான் போனது. கூட்டிவந்தவர் நெருங்கிய சொந்தம். இன்றைக்கும் நல்லது கெட்டதுக்கு வந்து முன்வரிசையில் இருக்கிறார்.

வீதியில் இருந்து என்ன கண்டீர்கள் என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அம்மாவும் நானும் போய் இருந்தோம். அங்கே பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணோடு கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய கணவரும் அதே பஸ்ஸில் ஏறியவர் என்று தெரிந்தது. தோளில் வெள்ளைத் துணிக் கட்டோடு ஒரு பெடியன் ஏறினதை அவர் நாங்கள் கேட்காமலே சொன்னார். எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்றும் கிடைக்காத சாட்சி அந்தக் கொட்டகைக்குள் கிடைத்தது. அவர் தந்த சத்தியக்கடதாசி இப்போது எங்கள் கோப்பின் முதல் தாள். அம்மாவின் வாக்குமூலத்தில் விடுபட்டதைச் சேர்க்கக் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவோடும் அதைத்தான் இணைத்திருக்கிறோம். ஆகவே தனியாக அலையாதீர்கள். அதே நாளில் அதே இடத்தில் ஆளைப் பறிகொடுத்தவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். கொக்குத்தொடுவாயில் 2023இல் தண்ணீர்க் குழாய் புதைக்கக் கிண்டியபோது மனித எச்சங்கள் வந்தன. 2025இல் செம்மணிப் புதைகுழியில் எலும்புக்கூடுகளோடு எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும், நீதிமன்ற உத்தரவுப்படி சனம் வந்து பார்த்து அடையாளம் காட்டுவதற்காக வைத்தார்கள். அப்படி ஒரு நாள் உங்கள் பக்கத்திலும் வந்தால் என்னத்தைச் சொல்லி அடையாளம் காட்டுவீர்கள்? எந்தப் பல் கழற்றினது, எந்தக் கை சின்ன வயதில் முறிந்தது, சாரமா காற்சட்டையா, சட்டையை யார் தைத்தது என்பதெல்லாம் தாய்மாரின் ஞாபகத்தில்தான் இருக்கிறது, தாய்மார் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெற்றவரின் மரபணு மாதிரியை உயிரோடு இருக்கும்போதே எடுத்துப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எழுதி வைத்தால் அவன் இல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி என்கிறார் மச்சாள். நான் அப்படி நினைக்கவில்லை. அம்மா சொன்னவற்றில் எனக்கு நினைவிருந்ததையெல்லாம் எழுதி, கீழே திகதி போட்டு, கோப்பில் வைத்திருக்கிறேன். ஒரு பிரதி தம்பியின் மகளிடம் இருக்கிறது.