கரடிக்குள்ளே யார்?

மாரமங்கலம்,
ஏற்காடு வட்டம்.

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். காப்பிப் பழம் பறிக்கிற பருவம் என்பதால் விடிந்ததிலிருந்து தோட்டமெல்லாம் ஆள் சத்தம்.

அன்றைக்கு போனில் நீ அழுதபோதே ஏதாவது சொல்லி உன்னைத் தேற்றியிருக்கலாம். அவசரத்தில் சொல்கிற ஆறுதல் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. அதனால்தான் இரண்டு நாள் யோசித்து இதை எழுதுகிறேன்.

நீ சொன்னது என் மனசிலேயே நிற்கிறது. பூங்காவில் மேஜிக் காட்டியவர் பெரியவனை மேடைக்குக் கூப்பிட்டார். அவன் உன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டான். "போடா, எல்லாரும் பாக்கறாங்க" என்று நீ அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாய். மைக்கை வாய்க்கு நேரே நீட்டிப் பேர் கேட்டார். அவன் வாயே திறக்கவில்லை. "பேரை வீட்டிலேயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று அவர் கேட்டதும் கூட்டம் சிரித்தது. அழுதுகொண்டே இறங்கி வந்த பிள்ளை, அதற்குப் பிறகு ராட்டினத்துக்குக்கூட வரவில்லை. கடைசியில் நீ என்னிடம் கேட்டாய்: "இவ்வளவு கூச்சப்படறவன் நாளைக்கு எப்படிப் பெரியம்மா பொழைப்பான்?"

அவனிடம் ஒரு குறையும் இல்லை, கண்ணு. தெரியாத இடம், தெரியாத ஆள், காதைப் பிளக்கிற ஒலிபெருக்கி, நூற்றுக்கணக்கான கண்கள். அந்த நேரத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கு வாய் அடைத்துப்போவது இயற்கை. நாற்பது வயதில் எனக்கும் அடைத்திருக்கிறது. அவனைத் திருத்த வேண்டியதில்லை. அவனை அழைத்துப்போகிற நாம்தான் சில விஷயங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். நான் கற்றுக்கொண்டதே ஒரு குழந்தையை அழவைத்த பிறகுதான்.

டீச்சர் வேலைக்கு வந்த புதிதில் மலைப் பிள்ளைகளைச் சமவெளியில் ஒரு பூங்காவுக்குச் சுற்றுலா அழைத்துப்போனோம். வாசலில் ஒருவர் கரடி வேஷம் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எனக்குப் பின்னால் ஒளிந்தாள். பயத்தைப் போக்குகிறோம் என்ற நினைப்பில் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்தக் கரடியின் கையில் நானே வைத்தேன். அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடிப்போய் பஸ்ஸில் ஏறியவள், மத்தியானச் சோற்றுக்குக்கூட இறங்கவில்லை. திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், அந்தக் கரடிக்குள்ளே யாரு இருந்தாங்க?"

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கரடியூர் என்று ஒரு ஊரே இருக்கிற மலை இது. கரடியைக் கண்டால் கிட்டே போகாதே என்று பாட்டி சொல்லி வளர்ந்த பிள்ளை அவள். அவள் செய்தது முழுக்கப் புத்திசாலித்தனம். உள்ளே ஒரு மனுஷர் இருக்கிறார் என்பதை முன்னாலேயே நான் சொல்லியிருந்தால் போதும். தூரத்தில் நின்று கையாட்டியாவது சந்தோஷப்பட்டிருப்பாள்.

நான் சின்னவளாக இருந்தபோது எனக்கு அதைச் சொல்ல ஆள் இருந்தார்கள். ஓமலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கூத்து விடுவார்கள். சாயங்காலமே தாத்தா என் கையைப் பிடித்து, வேஷம் கட்டுகிற கொட்டகைக்குக் கூட்டிப்போவார். பாதி முகத்துக்கு அரிதாரம் பூசி, மறுபாதி வெறும் முகமாக, கையில் கண்ணாடியோடு துச்சாதனன் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் டீ கிளாஸ். கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம் பாயில் கிடக்கும். "என்ன பாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்பார். ராத்திரி அவரே திரைக்குப் பின்னாலிருந்து சலங்கை அதிரக் கர்ஜித்து வரும்போது நான் தாத்தா மடியில் ஒடுங்கிக்கொள்வேன். ஆனாலும் எழுந்து ஓட மாட்டேன். டீ குடித்தவர்தானே என்று உள்ளுக்குள் ஒரு தைரியம். பயமும் தைரியமும் சேர்ந்து இருப்பதுதான் கூத்து பார்க்கிற சுகம். பயம் மட்டும் தனியாக இருந்தால் அது தண்டனை.

பார்க்கிறவர்களையும் ஆட்டத்துக்குள் சேர்த்துக்கொள்வது பூங்காக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. கூத்தில் கட்டியங்காரன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத்தான் பேசுவான். திரௌபதியம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு மரத்தின் உச்சிக்கு ஏறி, எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் எறிவான். கீழே பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். அங்கே ஏந்த விரும்புகிறவர்கள் முன்னால் போவார்கள், விரும்பாதவர்கள் ஓரமாக நின்று கும்பிடுவார்கள். நீ ஏன் ஏந்தவில்லை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்த நாகரிகத்தைத்தான் நாம் பூங்காவுக்கு எடுத்துப்போக வேண்டும்.

அரையாண்டு லீவில் மறுபடி போகப்போவதாகச் சொன்னாய். இங்கிருந்து உன் தம்பியின் பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள். அதனால் நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

போவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வீட்டில் விளையாடிப் பாருங்கள். கரண்டிதான் மைக். முதலில் பெரியவன் நிகழ்ச்சி நடத்துகிறவனாக இருக்கட்டும், நீயும் மாப்பிள்ளையும் மேடை ஏறுங்கள். அவன் உங்களைக் கேள்வி கேட்கட்டும், ஆடச் சொல்லட்டும். கேட்கிற இடத்தில் நின்று பார்த்த பிள்ளைக்குப் பதில் சொல்கிற இடம் அவ்வளவு பயமாக இருக்காது. பேர், ஊர், படிக்கிற வகுப்பு, பிடித்த சாப்பாடு. மைக்கில் பெரும்பாலும் கேட்பது இவ்வளவுதான். பதில் வராவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம் என்பதையும் அதே விளையாட்டில் பழக்கிவிடு. நம் மலைப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடு. ஊர் கேட்டால் "சேலம் பக்கம்" என்று முணுமுணுக்க வேண்டாம். "மாரமங்கலம்" என்று நிமிர்ந்து சொல்லட்டும். கேட்பவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும்.

மலையிலிருந்து வருகிற பிள்ளைகளை வந்த அன்றே பூங்காவுக்குக் கூட்டிப்போகாதே. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்த உடம்புக்கு ஒரு நாள் தூக்கம் வேண்டும். வயிறு நிறைந்து, சிறுநீர் கழித்து, கொஞ்சம் உட்கார்ந்து எழுந்த பிள்ளைதான் எதையும் ரசிக்கும். வெயிலில் வாடிய பிள்ளைக்குக் கோமாளியைப் பார்த்தாலும் அழுகைதான் வரும்.

உள்ளே நுழைந்ததும் எந்தக் காட்சி எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொள். ஒரே காட்சியை ஒரு நாளில் இரண்டு மூன்று முறை நடத்துவது உண்டு. முதல் முறை பின்வரிசையில், நடைபாதை ஓரமாக, ஒலிபெருக்கிக்குத் தள்ளி உட்கார்ந்து சும்மா பாருங்கள். எப்போது வெடிச்சத்தம் வரும், எப்போது விளக்கு அணையும், எப்போது ஆள் கூப்பிடுவார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது முறை எங்கே உட்காருவது என்று அவர்களையே கேள். தண்ணீர்க் காட்சியாக இருந்தால் முன்வரிசை நனையும். நனையச் சம்மதமா என்பதையும் கேட்டுக்கொண்டு, மாற்றுத்துணி எடுத்துப்போ.

பெரியவனோடு ஒரு சைகை வைத்துக்கொள். அவன் உன் உள்ளங்கையை ஒரு முறை அழுத்தினால் "போகிறேன்", இரண்டு முறை அழுத்தினால் "வேண்டாம்". வேண்டாம் என்றால் நடத்துகிறவரைப் பார்த்து நீயே சிரித்துக் கைகூப்பிவிடு. அவர் வேறு பிள்ளையிடம் போய்விடுவார். வேண்டாம் என்று சொன்னால் அம்மா கேட்பாள் என்கிற நம்பிக்கை வந்த பிறகுதான் பிள்ளை சரி என்று சொல்லத் துணியும். இதை என் முப்பது வருஷ வகுப்பறையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

யாராவது மைக்கில் பிள்ளையின் நிறத்தையோ உடம்பையோ பேச்சையோ வைத்துக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தால் நீ உட்கார்ந்திருக்காதே. சண்டை போட வேண்டாம். எழுந்து மேடையோரம் போய்க் கையை நீட்டு. அவன் வந்து பிடித்துக்கொள்வான். அன்றைக்கு அந்தச் சிரிப்பைவிட அவனை அதிகம் வாட்டியது, நீ தூரத்தில் இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சின்னவள் வேறு மாதிரி. எதற்கும் முதல் ஆளாகக் கை தூக்குவாள், கூப்பிடாவிட்டால் அழுவாள். அவளுக்கும் முன்னாலேயே சொல்லிவை: "இருநூறு பிள்ளைங்க கை தூக்குவாங்க, மேடையில மூணு பேருக்குத்தான் இடம். கூப்பிடலைன்னா உன்னைப் பிடிக்கலைன்னு அர்த்தம் இல்லை." உட்கார்ந்த இடத்திலேயே செய்ய அவளுக்கு ஒரு வேலையும் கொடு. மேஜிக்காரர் எந்தக் கையில் நாணயத்தை ஒளிக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல். வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு அதைச் செய்துகாட்டட்டும்.

ஈஞ்சம்பாக்கம் விஜிபி பூங்காவின் சிலை மனிதரை நீயே பார்த்திருப்பாய். சிப்பாய் போல உடுத்திக்கொண்டு அசையாமல் நிற்பதே அந்த வேலை. அவரைச் சிரிக்கவைப்பது பார்க்கிறவர்களின் விளையாட்டு. கூச்சமுள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. அங்கே கேள்வி கேட்க யாரும் இல்லை, மைக் இல்லை, வேண்டிய தூரத்தில் நின்று ஒரு கோணல் முகம் காட்டினால் போதும். ஆனால் போகும்போதே சொல்லிக்கொடு: தொடக் கூடாது, கிள்ளக் கூடாது, திட்டக் கூடாது. வெயிலில் கால் கடுக்க நிற்பது அவருடைய உழைப்பு. அவர் சிரிக்காவிட்டாலும் கிளம்பும்போது ஒரு வணக்கம் வைக்கச் சொல். வேஷத்துக்குள் மனுஷர் இருக்கிறார் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும், மரியாதை கூடும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

குழந்தைகளுக்கு நாடகம் போடுகிறவர்கள் இந்த மனசை நன்றாக அறிந்தவர்கள். நம் புதுச்சேரி வேலு சரவணனின் 'கடல் பூதம்' நாடகத்தில் பார்க்க வந்த பிள்ளைகளும் ஆட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். இதற்கெல்லாம் வெகு காலம் முன்னால், 1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் ஜே. எம். பேரி எழுதிய 'பீட்டர் பேன்' நாடகம் முதல் முறையாக மேடையேறியது. அதில் டிங்கர் பெல் என்கிற குட்டித் தேவதை சாகக் கிடப்பாள். தேவதைகள் இருப்பதை நம்புகிறவர்கள் கைதட்டினால் பிழைத்துக்கொள்வாள் என்று பீட்டர் பார்வையாளர்களைக் கேட்பான். யாரும் தட்டாமல் போய்விடுவார்களோ என்று பேரிக்குக் கவலை. வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு நீங்களாவது தட்டுங்கள் என்று வாத்தியக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாராம். அரங்கமே தட்டியதால் அதற்கு வேலை வரவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, கண்ணு. பெற்றவர்கள் அந்த வாத்தியக்காரர்கள் மாதிரி இருக்க வேண்டும். பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று போட்டோ எடுக்கக் கூடாது. பாடச் சொன்னால் நீ பாடு, கை தூக்கச் சொன்னால் நீ தூக்கு. அம்மா வெட்கப்படாமல் சிரிப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு அந்த இடம் பத்திரமான இடம் என்று புரியும். கோடை விழாவில் ஒரு தகப்பனைப் பார்த்தேன். மடியில் இருந்த பெண் குழந்தை முகத்தை அவர் சட்டையில் புதைத்திருந்தது. மேடையில் "கையை மேலே தூக்குங்க" என்றதும் அவர் தன் கையைத் தூக்கினார். குழந்தையை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பாட்டு போனது. மூன்றாவது பாட்டில் அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கை மெதுவாக மேலே வந்தது. முகம் இன்னும் புதைந்துதான் இருந்தது. அந்தக் குழந்தையும் அன்றைக்கு ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்த பிறகு "ஏன் பேசலை?" என்று பெரியவனைக் கேட்காதே. "என்ன பார்த்தே?" என்று கேள். வாய் திறக்காத பிள்ளை எவ்வளவு பார்த்திருக்கிறான் என்று தெரியவரும். பார்ப்பதும் பங்கெடுப்பதுதான். அன்றைக்கு நடந்ததற்காக அவனிடம் ஒரு வார்த்தை சொல்: "உன்னைத் தள்ளிவிட்டிருக்கக் கூடாது, தப்பு என்னோடதுதான்." நான் அந்தச் சிறுமியிடம் அதைச் சொல்லத் தவறிவிட்டேன். அந்த வருஷமே அவள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

மே மாதம் பிள்ளைகளோடு இங்கே வந்துவிடு. அண்ணா பூங்காவில் மலர்க்கண்காட்சி பார்த்துவிட்டு, கோடை விழா மேடைக்குச் சீக்கிரமே போவோம். மேடைக்குப் பின்னால் வேஷம் போடுகிற இடத்தைப் பார்க்க விடுவார்களா என்று நான் கேட்டுவைக்கிறேன். பெரியவனை நான் என் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்காரவைத்துக்கொள்கிறேன். கடலை வாங்கிக்கொள்வோம். கை தூக்குவதும் தூக்காததும் அவன் இஷ்டம்.

தம்பியிடம் மிளகும் காப்பித்தூளும் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா