திரவத்தால் இயங்கும் கிளச்சைப் பேணும் முறை

நெல்லையும் மரக்கறியையும் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் சிறு லொறிகள் பலவற்றிலும், உழவு இயந்திரங்கள் சிலவற்றிலும், கிளச்சு திரவத்தின் அமுக்கத்தால் இயங்குகின்றது. அறுவடைக் காலத்தில் இது பழுதுறின், பறித்த தக்காளியும் கீரையும் வழியிலேயே வாடிவிடும். கிளச்சு விலகாத வாகனம் கியர் இடும்போது திடீரெனப் பாய்ந்து, அருகே நிற்போருக்கு ஊறு விளைத்தலும் கூடும்.

இயங்கும் விதம்

மிதியை அழுத்தும்போது அதனோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலுள்ள முசலம் திரவத்தைத் தள்ளுகின்றது. அவ்வமுக்கம் குழாய் வழியாகக் கியர்ப் பெட்டியருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரை அடைந்து, கிளச்சை விலக்குகின்றது. திரவம் அமுக்கத்தால் சுருங்குவதில்லை. காற்றோ எளிதிற் சுருங்கும். ஆகவே குழாயினுட் காற்றுப் புகின், மிதிக்கும் விசை காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும்.

பழுதின் அறிகுறிகள்

1. மிதி மெத்தென்றிருத்தல், பலமுறை மிதித்த பின்னரே கிளச்சு விலகுதல். இது காற்றுப் புகுந்தமைக்கு அறிகுறியாகும்.
2. மிதியை அழுத்திப் பிடிக்கையில் அது மெல்லக் கீழிறங்குதல். இது றப்பர் வாசர் தேய்ந்தமையைக் காட்டும்.
3. திரவத்தின் மட்டம் குறைதல். மிதியின் அடியிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ ஈரம் காணப்படுதல்.

மிதி உறுதியாக இருந்தும், பாரம் ஏற்றிய வாகனம் எஞ்சினின் வேகத்திற்கேற்ப ஓடாதாயின், கிளச்சுத் தட்டுத் தேய்ந்திருக்கலாம். அதற்குத் திரவம் மாற்றுவதாற் பயனில்லை.

தகுந்த திரவம்

திரவக் கலத்தின் மூடியிலோ கைந்நூலிலோ குறித்த வகையையே இடுதல் வேண்டும். பெரும்பாலும் அது டொட் 3 அல்லது டொட் 4 என்னும் பிரேக் ஒயிலாகும். சில உழவு இயந்திரங்களுக்குக் கனிய எண்ணெயே உரியது. இவ்விரண்டையும் ஒருபோதும் கலத்தல் ஆகாது. பிரேக் ஒயில் உள்ள தொகுதியில் எஞ்சின் ஒயில் சிறிதளவு சேரினும் றப்பர் வாசர்கள் ஊதிக் கெடும். அவற்றை மண்ணெண்ணெயாலோ பெற்றோலாலோ கழுவுதலும் கூடாது.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், சிலிண்டரின் உட்புறம் துருப்பிடிக்கும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுதல் நன்று. நெடுநாள் திறந்து வைத்த போத்தலிலுள்ளதைப் பயன்படுத்தலாகாது.

காற்றை வெளியேற்றல்

இதற்கு இருவர் தேவை. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில்லுகளுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். ஜாக்கை மாத்திரம் நம்பி வாகனத்தின் கீழே புகுதல் உயிராபத்தாகும்.

1. கலத்தின் மூடியைச் சுற்றித் துடைத்தபின் திறந்து, மேற்குறிவரை திரவம் நிரப்புக.
2. ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் தெளிந்த குழாயொன்றை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது திரவமுள்ள போத்தலில் அமிழ்த்துக.
3. ஒருவர் மிதியை மெல்லச் சிலமுறை மிதித்து, இறுதியில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைச் சிறிது திறந்து உடனே மூடுக. மூடிய பின்னரே மிதியை விடுதல் வேண்டும்.
4. குமிழிகள் வருதல் நிற்கும்வரை இவ்வாறு செய்க. இடையிடையே கலத்தை நிரப்புக. அது வெறுமையாயின் மீண்டும் காற்றுப் புகும்.

வெளிவந்த திரவத்தைத் திரும்ப ஊற்றுதலும், வாய்க்காலிலோ வயலிலோ கொட்டுதலும் தகாது. அது வர்ணத்தை அரிக்கும். கண்ணிற் பட்டால் நீரால் நன்கு கழுவுதல் வேண்டும்.

மட்டம் மீண்டும் குறையுமாயின் கசிவு உளதென்றறிந்து தாமதியாது திருத்துவித்தல் வேண்டும். சில வாகனங்களில் பிரேக்கிற்கும் கிளச்சிற்கும் ஒரே கலமே உள்ளதால், இக்கசிவு பிரேக்கையும் பாதிக்கலாம். பெரும்போக, சிறுபோக அறுவடைகள் தொடங்குமுன் இவற்றைச் சோதித்து வைப்பது கமக்காரர்க்கு நட்டத்தைத் தவிர்க்கும்.