தோல்வியில் துணைநின்ற தூரிகை

பொழுதுபோக்கு வீண்வேலை அன்று என்பதற்கு வின்ஸ்டன் சர்ச்சில் ஒரு சான்று. இந்திய விடுதலையை எதிர்த்த அவரது அரசியல் நமக்கு உடன்பாடன்று. அவரது தூரிகையோ நமக்குப் பாடமாகும்.

1915ஆம் ஆண்டு கடற்படை அமைச்சர் பதவியை இழந்து வாடியபோது, நாற்பது வயதில், அவர் ஓவியம் தீட்டத் தொடங்கினார். 1945ஆம் ஆண்டு ஜூலைத் தேர்தலில் தோற்றபின், செப்டம்பரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரைக்குச் சென்று, மலைகளையும் நீரில் விழும் அவற்றின் நிழலையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1947ஆம் ஆண்டு புனைபெயரில் அவர் அனுப்பிய ஓவியங்களை இலண்டன் ராயல் அகாடமி ஏற்றுக் காட்சிக்கு வைத்தது.

ஒளியையும் நிழலையும் ஊன்றி நோக்கும் உள்ளத்தில் கவலைக்கு இடமில்லை. நம் சான்டா கிளாராவைச் சூழ்ந்த குன்றுகளும் மாரியில் பசுமையும் கோடையில் பொன்னிறமும் பூணுகின்றன. பெற்றோரே, பிள்ளைகளுடன் நீங்களும் தூரிகை எடுங்கள். தொடங்குவதற்கு நாற்பது வயது தடையன்று.