மீண்டெழுந்த மாநகரம்

பழம்பெரும் நகரம் ஒன்றைக் காணச் செல்வோர், அங்குள்ள அரண்மனைகளையும் கோயில்களையும் கண்டு, "இவை எத்தனை நூற்றாண்டுப் பழமை உடையன?" என்று வினவுதல் இயல்பு. போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவின் பழநகர்ப் பகுதியில் நின்று இவ்வினாவை எழுப்பினால், இருவேறு விடைகள் கிடைக்கும். 'பல நூற்றாண்டுகள்' என்பது ஒரு விடை. 'ஒரு மனிதனின் வாழ்நாள் அளவே' என்பது மற்றொரு விடை. இரண்டும் உண்மையே! அஃது எவ்வாறு என்பதை அந்நகரின் வீதிகளில் உலவியே அறிதல் வேண்டும். மாணவர்களே, வாருங்கள், மனக்கண்ணால் அவ்வீதிகளில் நடந்து வருவோம்.

வார்சா, விஸ்துலா ஆற்றங்கரையில் அமைந்த நகரம். ஆற்றின் மேற்குக் கரையில், மேட்டு நிலத்தின் மேல் பழநகர் விளங்குகிறது. அரண்மனைச் சதுக்கத்தில் நம் உலா தொடங்குகிறது. சதுக்கத்தில் ஓங்கி நிற்கும் தூணின் உயரம் 22 மீட்டர். அதன் உச்சியில், சிலுவையும் வாளும் ஏந்தியவராய் மூன்றாம் சிகிஸ்மண்ட் மன்னர் நிற்கிறார். அரசிருக்கையைக் கிராக்கோ நகரிலிருந்து வார்சாவுக்கு மாற்றியவர் இவரே. இவருடைய மைந்தர் 1644ஆம் ஆண்டில் தந்தையின் நினைவாக இத்தூணை நாட்டினார்.

அண்ணாந்து நோக்கிய நாம் சற்றே திரும்பிப் பார்ப்போம். அரண்மனையின் அருகே உடைந்த பழைய தூண்கள் இரண்டு தரையில் கிடக்கின்றன. இவை யாவை? மன்னர் சிலையைத் தாங்கி நின்ற பழைய தூண்களே இவை. முதல் தூண் காலத்தால் பழுதுற்றமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனை மாற்றி வேறு தூண் நாட்டினர். அந்த இரண்டாம் தூண் 1944ஆம் ஆண்டில் போரிலே தகர்ந்து வீழ்ந்தது. இன்று நாம் காண்பது 1949ஆம் ஆண்டில் நாட்டிய மூன்றாம் தூண். உடைந்தவற்றை அப்புறப்படுத்தாமல், காண்போர் கண்ணில் படுமாறு விட்டுவைத்துள்ளனர். இந்நகரின் வரலாற்றை அறிவதற்கு இவையே வாயில்.

1939ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாளன்று ஜெர்மானியப் படை போலந்தின்மீது பாய்ந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. அம்மாதம் 17ஆம் நாள் அரண்மனையின்மீது குண்டுகள் வீழ்ந்தன. கூரை தீப்பற்றி எரிந்தது. கோபுரத்துக் கடிகாரம் 11 மணி 15 நிமிடத்தில் நின்றுபோயிற்று. பின்னர் ஐந்தாண்டுக் காலம் மக்கள் அடிமை வாழ்வில் துன்புற்றனர். 1944ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளன்று அவர்கள் படைக்கலம் ஏந்திக் கிளர்ந்தெழுந்தனர். போதிய கருவியும் உணவும் இன்றி 63 நாட்கள் போராடினர். இறுதியில் பணிய நேர்ந்தது.

போர்க்களத்தில் வீடுகள் இடிதல் உண்டு. ஆனால், வார்சாவுக்கு நேர்ந்த கதி வேறு. போராட்டம் ஓய்ந்தபின், எஞ்சிய மக்களை நகரிலிருந்து வெளியேற்றினர். பின்பு, வீதி வீதியாகத் தீ மூட்டினர், வெடி வைத்தனர். அரண்மனைச் சுவர்களில் துளையிட்டு, வெடிமருந்து திணித்து, அதனை முன்னரே தகர்த்திருந்தனர். ஓர் இனத்தின் நினைவையே அழித்துவிட வேண்டும் என்பதே பகைவரின் எண்ணம். 1945ஆம் ஆண்டு ஜனவரியில் நகரம் விடுதலை பெற்றபோது, பழநகரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் இடிபாடாகவே கிடந்தது.

இவ்விடிபாட்டை என் செய்வது? தலைநகரை வேறிடத்துக்கு மாற்றலாம் என்ற எண்ணமும் எழுந்தது. ஆனால், மக்களோ அதற்குக் காத்திருக்கவில்லை. கடுங்குளிரிலும் பனியிலும் நடந்து தம் ஊர் திரும்பினர். இடிந்த சுவர்களுக்கிடையே குடியேறினர். அவ்வாண்டு பிப்ரவரியிலேயே தலைநகரை மீண்டும் எழுப்புவதற்கென ஓர் அலுவலகம் அமைந்தது. யான் சக்வதோவிச் என்னும் கட்டடக்கலைப் பேராசிரியர், பழஞ்சின்னங்களை மீட்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 'பழநகரை முன்பு இருந்தவாறே எழுப்புவோம்' என்று துணிந்தனர்.

துணிவு மட்டும் போதுமா? எந்தச் சன்னல் எத்தனை அடி அகலம், எந்த வாயிலின் மேல் எந்தச் சிற்பம் என்பன தெரிய வேண்டாமா? இங்கே இரண்டு செல்வங்கள் கைகொடுத்தன.

ஒன்று, ஓவியம். வெனிஸ் நகரத்து ஓவியராகிய பெர்னார்டோ பெலோட்டோ என்பவர், பதினெட்டாம் நூற்றாண்டில் போலந்து மன்னரின் அவையில் இருந்தார். அவர் வார்சாவின் வீதிகளையும் மாளிகைகளையும் இருபதுக்கு மேற்பட்ட ஓவியங்களாகத் தீட்டியிருந்தார். கட்டடங்களேயன்றி, வண்டிகளும் வணிகரும் இரவலரும் அவற்றில் உயிரோடு உலவுகின்றனர். போரில் பகைவர் கவர்ந்து சென்ற அவ்வோவியங்கள் பின்னர் மீட்கப்பெற்றன. எனினும், ஓவியர் அழகு கருதிச் சிலவற்றைச் சிறிது மாற்றியும் வரைந்திருந்தார். ஆதலின், ஓவியம் மட்டும் போதாது, அளவுகள் வேண்டும்.

அவ்வளவுகளைத் தந்தது இரண்டாவது செல்வம். போருக்கு முன்னர், வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் பழைய கட்டடங்களை அளந்து படம் வரைந்தனர். அன்று அது வெறும் பாடப் பயிற்சி. கோலும் கயிறும் கொண்டு சுவர்களை அளந்தபோது, அச்சுவர்கள் ஒருநாள் மண்ணோடு மண்ணாகும் என்று அவர்கள் எண்ணியிருப்பரோ? நகரம் பாழ்பட்டபோது, பேராசிரியர் சிலர் உயிரைப் பணயம் வைத்து அப்படங்களை வெளியே கொண்டுசென்றனர். பியோத்ர்கூவ் என்னும் ஊரில் ஒரு துறவியர் மடத்தில் அவற்றை ஒளித்துவைத்தனர். போர் முடிந்ததும் அவை வெளிவந்தன. மாணவர் வரைந்த கோடுகள் மாநகரின் சுவர்களாயின.

சதுக்கத்திலிருந்து குறுகிய வீதியொன்றின் வழியே பழநகரின் சந்தைத் திடலை அடைகிறோம். நாற்புறமும் வண்ணம் பூசிய உயர்ந்த வீடுகள்; நடுவே, வாளும் கேடயமும் ஏந்திய நீர்மகள் சிலை. மேற்பாதி மங்கையும் கீழ்ப்பாதி மீனுமாகிய அந்நீர்மகளே இந்நகரின் சின்னம். இடிபாட்டிலிருந்து பொறுக்கிய செங்கற்களும் சிற்பத் துண்டுகளும் இவ்வீடுகளில் இடம்பெற்றுள்ளன. முகப்புகளைப் பழைய தோற்றத்திலும், உட்புறங்களை மக்கள் குடியிருப்பதற்கு ஏற்ற புதிய முறையிலும் அமைத்தனர். 1953ஆம் ஆண்டில் இத்திடல் மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. அரண்மனை எழும்புவதற்கு மேலும் பல்லாண்டுகள் ஆயின. 1971ஆம் ஆண்டில் அப்பணி தொடங்கியதும், உள்நாட்டாரும் வெளிநாடுகளில் வாழ்ந்த போலந்து மக்களும் பொருள் வழங்கினர். 1974ஆம் ஆண்டில் கோபுரத்துக் கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. எந்த மணியில் அது நின்றதோ, அதே 11 மணி 15 நிமிடத்தில் அதனை ஓடவிட்டனர்! இன்று அவ்வரண்மனையின் கூடமொன்றில் பெலோட்டோவின் ஓவியங்களைக் காணலாம். ஓவியத்தில் கண்ட நகரைச் சில அடி நடந்து வெளியே வந்து நேரிலும் காணலாம். 1980ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் வார்சாவின் பழநகரை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஆயினும், மீளாதனவும் உண்டு. போருக்கு முன்னர், இந்நகர மக்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் யூதர். அவர்களை மதில் எழுப்பி அடைத்துவைத்துப் பசியாலும் நோயாலும் வாட்டினர். பின்னர்ப் பெரும்பாலோரைக் கொலைக்களங்களுக்கு அனுப்பினர். 1943ஆம் ஆண்டில் எஞ்சியோர் கிளர்ந்தெழுந்து போரிட்டு மாண்டனர். அவர்கள் வாழ்ந்த வீதிகளின் இடிபாட்டின் மேல் புதிய குடியிருப்புகள் எழுந்துள்ளன. அங்கே 1948ஆம் ஆண்டில் நிறுவிய நினைவுச் சின்னத்தின் முன் நிற்போர் பேச்சற்று நிற்கின்றனர். வீட்டை அளந்து வைத்தால் மீண்டும் கட்டலாம். அவ்வீட்டில் ஒலித்த குரலை எந்தப் படத்தைக் கொண்டு மீட்பது?

உலா முடிந்து அரண்மனைச் சதுக்கத்துக்கே திரும்புகிறோம். இந்நகரம் பழையதா, புதியதா? கற்களைக் கேட்டால் பெரும்பாலானவை 'புதியோம்' என்னும். வடிவைக் கேட்டால் 'பழையோம்' என்னும். வார்சா மக்கள் எதனையும் மறைக்கவில்லை. புதிய தூணை நிமிர்த்திய அவர்களே உடைந்த தூண்களையும் அருகில் கிடத்தினர். தம் பெருமையோடு தம் இழப்பையும் வருங்காலத்தார் அறிய வேண்டும் என்று கருதினர் போலும்.

மாணவர்களே, ஒரு நகரம் கல்லிலும் மரத்திலும் மட்டும் இருப்பதில்லை. அதனை அறிந்து போற்றுவோர் உள்ளத்திலும் இருக்கிறது. அன்று சிலர் தம் பாடப் பயிற்சியைச் செம்மையாகச் செய்தனர், பிழையின்றி அளந்தனர், பொறுமையோடு வரைந்தனர். அதன் பயன் யாது என அவர்கள் அன்று அறியார். நாம் இன்று அறிவோம்.