எக்ஸெல்லில் ராக்கர் ஆர்ம் கணக்கு

எக்ஸெல் என்றாலே மாதச் செலவுக் கணக்கும் மதிப்பெண் பட்டியலும்தான் நம் நினைவிற்கு வரும். பழைய இன்ஜினைப் பிரித்துப் பூட்டுபவர்களுக்கும் இது கை கொடுக்கும். ராக்கர் ஆர்ம் அமைப்பைச் சரி பார்க்கும் ஒர்க் ஷீட் ஒன்றை இங்கு தயாரிக்கலாம். 1955ல் அறிமுகமான செவர்லே ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினில், முனையில் ரோலர் உள்ள ராக்கர் ஆர்ம் பொருத்துவதாக எடுத்துக் கொள்வோம்.

கேம் ஷாப்ட், புஷ் ராடை மேலே தள்ளுகிறது. ராக்கர் ஆர்ம் சீசா பலகை போல் சாய்ந்து வால்வைத் திறக்கிறது. வால்வ் நேர்கோட்டில் இறங்குகிறது. ராக்கரின் முனையோ வட்ட வில்லில் செல்கிறது. எனவே ரோலர், வால்வின் தலையில் பக்கவாட்டில் சற்று நகரும். இந்த நகர்வு அதிகமானால் வால்வ் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, வால்வ் கைடு விரைவில் தேயும். பின் அதன் வழியே ஆயில் இறங்கிப் புகை வரும். இன்ஜினை மீண்டும் பிரிக்க வேண்டியதுதான்.

தேவையான அளவுகள் மூன்று. ஒன்று, ராக்கரின் சுழல் மையத்திலிருந்து ரோலர் மையம் வரை உள்ள நீளம். இரண்டு, வால்வ் திறக்கும் மொத்த தூரம். மூன்று, வால்வ் மூடியிருக்கையில், சுழல் மையத்தைவிட ரோலர் மையம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது. ஸ்பிரிங் மேல் உள்ள ரிடெய்னரின் தட்டையான பரப்பிலிருந்து இரு மையங்களின் உயரத்தையும் வெர்னியரால் அளந்து கழித்தால் இது கிடைக்கும்.

இனி எக்ஸெல்லைத் திறக்கவும். லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தாலும் போதும். செல் பெயர்களையும் பங்ஷன் பெயர்களையும் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும்.

1. பி1 செல்லில் நீளம் 38, பி2வில் லிப்ட் 12, பி3ல் தொடக்க உயரம் 5 எனத் தரவும். எல்லாம் மில்லி மீட்டர். உங்கள் அளவுகளைப் பின்னர் மாற்றிக் கொள்ளலாம்.

2. பி4ல் =பி2/2 எனத் தரவும். இருக்க வேண்டிய உயரம் இதுதான்: 6.

3. ஏ6 முதல் ஏ18 வரை 0 முதல் 12 வரையிலான எண்களை அமைக்கவும்.

4. பி6ல் =($பி$1^2-($பி$3-ஏ6)^2)^0.5 என டைப் செய்து என்டர் தட்டவும். செல்லின் மூலையைப் பிடித்து பி18 வரை இழுத்து விடவும். டாலர் அடையாளம் இருப்பதால் மேலே உள்ள செல்கள் மாறாது.

5. பி20ல் =மேக்ஸ்(பி6:பி18)-மின்(பி6:பி18) எனத் தரவும். இதுவே பக்கவாட்டு நகர்வு.

இப்போது 0.65 எனக் கிடைக்கும். பி3ல் 0 எனத் தந்து பாருங்கள், 1.94 ஆக உயரும். 6 எனத் தந்தால் 0.48 ஆகக் குறையும். 7 என்றால் மீண்டும் 0.65. ஆக, பாதி லிப்டில் ராக்கரின் கை வால்விற்குச் செங்குத்தாக இருந்தால்தான் நகர்வு மிகக் குறைவு.

இதனைச் சரி செய்வது எப்படி? இந்த இன்ஜினில் ராக்கர் ஒரு ஸ்டட் மீது அமர்ந்திருப்பதால், புஷ் ராடின் நீளத்தை மாற்றினால் சுழல் மையம் ஏறி இறங்கும். பி3ல் மீண்டும் 5 தந்து, பி21ல் =(பி4-பி3)*(1+1/1.5) என அமைக்கவும். 1.5 என்பது இதன் ராக்கர் விகிதம். விடை 1.67, ஏறத்தாழ இவ்வளவு நீளம் குறைந்த புஷ் ராட் வேண்டும். மைனஸ் வந்தால் அவ்வளவு நீளமானது வேண்டும். ஹெட்டை இழைத்தாலோ நீளமான வால்வ் போட்டாலோ பழைய நீளம் பொருந்தாமல் போவது இதனால்தான்.

கணக்கை மட்டும் நம்பி புஷ் ராட் வாங்கிவிடாதீர்கள். நீளம் மாற்றக்கூடிய சோதனை புஷ் ராட், சாலிட் லிப்டர், இலகுவான ஸ்பிரிங் ஆகியவற்றைப் போட்டு, வால்வ் தலையில் மார்க்கரால் மை பூசி, கிராங்க்கை இரண்டு சுற்று சுற்றவும். மை அழிந்த தடம் குறுகலாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தும் ஓரத்தில் விழுந்தால் ராக்கரின் நீளமே ஹெட்டிற்குப் பொருந்தவில்லை. புஷ் ராடை மாற்றி அதைச் சரி செய்ய முடியாது.